சார்மவுத் கடற்கரையில் புதைபடிவம் தேடுவது எப்படி: முதல் முறை போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

இங்கிலாந்தின் தெற்குக் கரையில், டோர்செட் மாவட்டத்தில், லைம் ரீஜிஸ் ஊருக்குக் கிழக்கே சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது சார்மவுத். அங்குள்ள கடலோரக் குன்றுகளின் பெரும்பகுதி ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் படிந்த சேறு. மழையில் ஊறிக் குன்று சரிகிறது, சரிந்த சேற்றை அலை கரைத்துக்கொண்டு போகிறது, அம்மோனைட், பெலெம்னைட் என்ற பழங்காலக் கடல்பிராணிகளின் கரையாத மிச்சங்களும் எலும்பும் கரையில் தங்கிவிடுகின்றன.

லண்டனிலிருந்து வரும் நம் ஆட்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் விடுமுறையில், நடுப்பகலில், செருப்போடு வருவார்கள். நேரே குன்றின் அடிக்குப் போய்ச் சுத்தியலால் தட்டுவார்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் கையில் நொறுங்கிய களிமண் மட்டும் இருக்கும். தோண்டுகிற வேலையைக் கடலே செய்து முடித்துவிடுகிறது. அது எந்த நாளில், எந்த இடத்தில் கொண்டுவந்து போட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. கடல் அட்டவணையைப் பார்த்த பிறகே நாள் குறியுங்கள்

லைம் ரீஜிஸுக்கான கடல் ஏற்ற வற்ற அட்டவணையை முதலில் எடுங்கள். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். மறுநாள் எல்லாமே சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஏற்றத்தின்போது பல இடங்களில் தண்ணீர் குன்றின் அடிவரை வந்துவிடும்; தேடவும் இடம் இருக்காது, திரும்பி வரவும் வழி இருக்காது.

அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாட்களில் கடல் மற்ற நாட்களைவிட அதிகம் ஏறும், அதிகம் வற்றும். அந்த நாட்களில் இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே மூன்றரை மீட்டருக்கும் மேல் வித்தியாசம் வரும். மற்ற நாட்களில் நீருக்கடியிலேயே கிடக்கும் கல்தளங்கள் அப்போது வெளியே தெரியும். இந்தக் கரையில் அப்படிப்பட்ட பெரிய வற்றம் நண்பகலை ஒட்டியே வரும் என்பது நமக்கு வசதி. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊர் இது.

வற்றத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். வற்றம் வந்ததும் திரும்ப ஆரம்பியுங்கள். கடல் பின்வாங்கும்போது ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் யாரும் மிதிக்காத, புதிதாய்க் கழுவிய தரை உங்கள் முன்னால் விரிந்துகொண்டே வரும். ஏறும் கடலில் இதெல்லாம் தலைகீழ். நீங்கள் குனிந்திருக்கும்போதே பின்னால் வழி அடைபடும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது கோடை நேரக் கணக்கில். சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். கோடையில் அதோடு ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். சில அட்டவணைகள் ஏற்கெனவே கூட்டியிருக்கும். கூட்ட மறந்தால் ஒரு மணி நேரம் வீணாகும், அவ்வளவுதான். ஏற்கெனவே கூட்டியதில் நீங்களும் ஒரு மணி நேரம் கூட்டினால்தான் ஆபத்து. இன்னும் வற்றுகிறது என்று நினைத்து நடந்துகொண்டிருப்பீர்கள், கடலோ ஏற ஆரம்பித்திருக்கும். அட்டவணையின் மேலே எந்த நேரம் என்று எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

2. கரை திறந்திருக்கிற பருவத்தில் போங்கள்

நவம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். தென்மேற்கிலிருந்து அடிக்கும் குளிர்காலப் புயல் மணலையும் கூழாங்கல்லையும் வாரிக்கொண்டு போய், அடியில் இருக்கும் சாம்பல் நிறக் களித்தரையைத் திறந்துவிடும். கோடையின் மெல்லிய அலைகள் அதே மணலைத் திரும்பக் கொண்டுவந்து மூடிவிடும்.

ஆகவே ‘போன வருஷம் இந்த இடத்தில் கிடைத்தது’ என்ற தகவலை நம்பாதீர்கள். போன வாரம் என்றாலும் அப்படித்தான். வெறும் களித்தரையாக இருந்த இடம் அடுத்த வாரம் முழங்கால் ஆழக் கூழாங்கல்லுக்குக் கீழே போயிருக்கும்.

புயலுக்குப் பின் வரும் முதல் சில வற்றங்களில்தான் அதிகம் கிடைக்கும். உள்ளூர்க்காரர்கள் அன்று விடியற்காலையிலேயே கரையில் இருப்பார்கள். ஆனால் நாள்கணக்கில் மழை பெய்த உடனே குன்றுகள் மிகவும் நிலைகுலைந்திருக்கும். புதியவர் என்றால் மழை ஓய்ந்து, அலையும் தணிந்து, ஓரிரு நாள் கழித்துப் போங்கள். முதல் நாள் வந்தவர்கள் விட்டுப்போனதே உங்களுக்குத் தாராளமாகப் போதும்.

3. பையில் என்ன இருக்க வேண்டும்

கணுக்கால் மூடும், அடி வழுக்காத பூட்ஸ். மழைக்கோட்டு. மூடியுள்ள சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்கள் நாலைந்து, சமையலறை டிஷ்யூ ஒரு சுருள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். பென்சில், சிறு நோட்டு. முட்டிக்குக் கீழே போட ஒரு ரப்பர் விரிப்பு. இது ஆடம்பரம் அல்ல, ஏன் என்பது ஆறாம் படியில் தெரியும். கையுறை. குடிக்க ஏதாவது சூடாக.

சுத்தியல் வேண்டுமென்றால் பாறைக்கென்றே செய்த சுத்தியல், கூடவே கண்ணை முழுதாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடி. வீட்டில் ஆணி அடிக்கும் சுத்தியலைக் கொண்டுவராதீர்கள். கல்லில் அடித்தால் அதன் எஃகே சில்லாகத் தெறிக்கும். உண்மையில், முதல் நாள் சுத்தியலை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவர்களுக்குத்தான் அதிகம் கிடைக்கிறது. கையில் சுத்தியல் இருந்தால் கண் தேடுவதை விட்டுவிடுகிறது.

4. கரையில் இறங்கும் முன் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடற்கரையின் மேலேயே சார்மவுத் ஹெரிடேஜ் கோஸ்ட் சென்டர் இருக்கிறது. முதலில் அங்கே போங்கள். இப்போது கரையில் வருவது எப்படி இருக்கும் என்று காட்சிப் பெட்டிகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். அன்றைக்கு எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கரை 2001 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களம். சட்டப் பாதுகாப்பும் உண்டு. கரையில் தளர்ந்து கிடப்பதைக் கையால் பொறுக்கிக்கொள்ளலாம். குன்றிலிருந்து நிலச் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் தோண்டி எடுக்கக் கூடாது. அறிவியலுக்கு முக்கியமானது ஏதாவது கிடைத்தால் சென்டரில் பதிவு செய்ய வேண்டும் என்று மேற்கு டோர்செட் சேகரிப்பு நெறிமுறை சொல்கிறது. பதிவு செய்தால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தேவையில்லாத பயம். சேகரிக்கிறவர்களை எதிரியாக நினைக்காமல், அலை நொறுக்குவதற்குள் யாராவது எடுத்துக் காப்பாற்றட்டும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட நெறிமுறை அது.

5. எந்தப் பக்கம் நடப்பது

கரையில் நின்று கடலைப் பார்த்தால் வலது கைப்பக்கம் மேற்கு. அங்கே தெரிவது பிளாக் வென் சரிவு. பைரைட் என்ற மினுங்கும் கனிமமாக மாறிய அம்மோனைட், சுண்ணாம்புக்கல் உருண்டைகள், எப்போதாவது எலும்பு எல்லாம் இந்தப் பக்கம் வரும். இடது கைப்பக்கம், சார் ஆற்றின் வாயைத் தாண்டினால் ஸ்டோன்பேரோ குன்று. அதன் அடியில் பெலெம்னைட்டுகள் ஏராளம். அதற்கும் அப்பால் 191 மீட்டர் உயரக் கோல்டன் கேப் தெரியும். முதல் நாள் அவ்வளவு தூரம் வேண்டாம்.

குழந்தைகளோடு வந்தால் கிழக்கே போங்கள். பெலெம்னைட் ஒன்றாவது நிச்சயம் கிடைக்கும், பிள்ளைகள் சோர்ந்துபோக மாட்டார்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் மேற்கே.

மேற்கே நடந்து லைம் ரீஜிஸ் போய்விடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். வழியில் சரிந்த சேறு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். மற்ற இடங்களில் இன்னும் கரை தெரியும்போதே, கடல் அந்த முனைகளைத் தொட்டு வழியை மறித்துவிடும். லைம் பக்கம் இன்னொன்றும் உண்டு: 2008 மே மாதம் சுமார் 400 மீட்டர் நீளத்துக்குக் குன்று சரிந்தபோது, மேலே இருந்த பழைய ஊர்க் குப்பைமேடும் சேர்ந்து கடலுக்கு வந்துவிட்டது. இன்றும் அங்கே கண்ணாடித் துண்டுகளும் துருப்பிடித்த இரும்பும் கிடக்கும். கையுறை அதற்குத்தான்.

எந்தப் பக்கம் போனாலும் இரண்டு விஷயம். குன்றின் அடியில் உட்காராதீர்கள், சாப்பாட்டுப் பையையும் அங்கே வைக்காதீர்கள். மேலிருந்து சின்னக் கற்கள் சரசரவென்று உதிர்ந்தால் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்காமல் கடல் பக்கம் நகருங்கள். அடுத்தது, சரிந்த சேற்றின் மேல் ஏறாதீர்கள். மேலே காய்ந்து வெடித்திருக்கும், அடியில் கால் இடுப்புவரை இறங்கும். யாராவது சிக்கிக்கொண்டால் நீங்களும் உள்ளே போகாமல் 999 அழைத்துக் கோஸ்ட்கார்டைக் கேளுங்கள்.

6. எங்கே குனிவது

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும்.

கடல் தான் கரைத்ததை எடைவாரியாகப் பிரிக்கிறது. முறத்தில் புடைக்கும்போது உமி ஒரு பக்கமும் மணி ஒரு பக்கமும் போகிற மாதிரி, லேசான மணலும் பாசியும் ஒரு பக்கம் போகும், கனமானது இன்னொரு பக்கம் தங்கும். பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். சாதாரண மணல்கல்லைப் போல இரண்டு மடங்கு கனம். ஆகவே பைரைட் அம்மோனைட் தனியாக எங்கும் கிடக்காது. கனமான மற்றவற்றோடு கூட்டமாகத்தான் கிடக்கும்.

அந்தக் கூட்டத்தைத்தான் முதலில் தேட வேண்டும். கரை முழுக்கப் பழுப்பும் சாம்பலுமான கூழாங்கல் இருக்கும். நடுவே ஒரு பாய் விரித்த அளவுக்கு, கரும்பழுப்பாக, ஈரத்தில் உலோக மினுமினுப்போடு ஒரு திட்டு தெரியும். கிட்டே போனால் உருவமில்லாத பைரைட் கட்டிகள், குச்சி வடிவப் பைரைட், துருப்பிடித்த ஆணி, போல்ட் எல்லாம் கலந்து கிடக்கும். ஆணி கிடந்தால் நல்ல இடம். ஆணியைக் கொண்டுவந்து போட்ட அலைதான் அம்மோனைட்டையும் போட்டிருக்கும். சேற்றின் நாக்கு கடலைத் தொடுகிற இடத்துக்கு இரு பக்கமும், பெரிய கற்களின் பின்புறமும், கல்தளத்தின் பள்ளங்களிலும் இப்படித் திட்டுகள் சேரும்.

திட்டைக் கண்டதும் விரிப்பைப் போட்டு முட்டி போடுங்கள். நின்றபடி பார்த்தால் ஒரு சென்டிமீட்டர் பொருள் கண்ணில் படாது. குழந்தைகளுக்கு நம்மைவிட அதிகம் கிடைப்பதற்குக் காரணம் அவர்கள் கண் தரைக்கு அருகில் இருப்பதுதான். முகத்துக்கு நேரே ஒரு முழ அகலம் மட்டும் பாருங்கள். முதலில் கையால் கிளறாமல் மேற்பரப்பை மட்டும் பாருங்கள். பிறகு விரலால் ஒரு அடுக்கை விலக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

அம்மோனைட் என்று தேடாதீர்கள். ஒழுங்கு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். சம இடைவெளியில் கோடுகள், ஒரே வளைவாய்ப் போகும் விளிம்பு, ஐந்து முனை, சரியான வட்டம். அலை உருட்டிய கல்லில் இவை அரிதாகவே வரும். பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒன்று தெரியும், தெரிந்த கையோடு பக்கத்திலேயே இரண்டாவதும் தெரியும். கண் பழகும் முன்பே எழுந்து அடுத்த இடத்துக்குப் போகிறவர்கள்தான் நாள் முழுக்க நடந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

சூரியனைப் பார்த்தபடி நடந்தால் ஈரக் கற்கள் எல்லாமே மினுங்கி ஏமாற்றும். வெயில் பக்கவாட்டில் விழும்படி நடந்தால் வரிகளின் நிழல் எடுப்பாகத் தெரியும். மேகமூட்டமான நாள் இன்னும் நல்லது.

7. கிடைப்பதை எப்படி அடையாளம் காண்பது

அம்மோனைட்: சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த கடல்பிராணி. வீட்டுப் பூஜையில் வைக்கும் சாளக்கிராமத்துக்குள் சுருண்டிருப்பதும் அம்மோனைட்தான். அது இமயமலைப் பக்கத்துக் கண்டகி ஆற்றில் வருவது. சார்மவுத் பைரைட் அம்மோனைட்டுகள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர், கருப்பிலிருந்து பித்தளை நிறம்வரை. முழுதாக இல்லாமல் சுருளின் ஒரு துண்டு மட்டும் கிடைப்பதே அதிகம். அதையும் எடுங்கள்.

பெலெம்னைட்: கணவாய்க்கு உறவான பிராணியின் உடலுக்குள் இருந்த கெட்டியான ஓடு. துப்பாக்கிக் குண்டு வடிவம், பழுப்பு அல்லது சாம்பல் நிறம். உடைந்த முனையைப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புவரை கதிர்க்கோடுகள் போனால் பெலெம்னைட். பழைய இரும்புக் கம்பித் துண்டில் அது இருக்காது.

கிரினாய்டு: கடல் அல்லியின் தண்டுத் துண்டுகள். சில மில்லிமீட்டர்தான், ஐந்து முனை நட்சத்திரம். நின்றுகொண்டு தேடுகிறவர்கள் வாழ்நாளில் ஒன்றைக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கிரைஃபியா: தடித்து வளைந்த சிப்பி; வளர்ச்சிக் கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும்.

இக்தியோசார் முள்ளெலும்பு: டைனோசர் காலத்தில் கடலில் வாழ்ந்த ஊர்வனவற்றின் முதுகெலும்புத் துண்டு, எல்லாரும் ஆசைப்படுவது. கருப்பாக, வட்டமாக, இரு பக்கமும் நடுவில் குழிந்திருக்கும். அலை உருட்டியதில் பாதி தேய்ந்து வெறும் கருங்கல் போலவே தெரியும். கைலென்ஸில் பாருங்கள், எலும்பென்றால் நுண்துளைகள் தெரியும். வெளுத்து, லேசாக, கனமே இல்லாமல் இருந்தால் அது நம் காலத்து மாட்டெலும்பு.

ஏமாற்றுகிறவை இரண்டு. ஒன்று, இங்கே ‘பீஃப்’ என்று சொல்லப்படும் நார்நாரான கால்சைட் அடுக்கு. மரமென்றோ எலும்பென்றோ தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். நார்கள் எல்லாம் அடுக்குக்குக் குறுக்கே நேராக, ஒரே உயரத்தில் நின்றால் அது பீஃப். மற்றது உருவமில்லாத பைரைட் கட்டி. அழகாக மினுங்கும், வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஏன் என்பது பத்தாம் படியில்.

8. சுத்தியல் எப்போது

கரையில் தளர்ந்து கிடக்கும் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் உருண்டைகளில்தான் சுத்தியலுக்கு வேலை. எல்லா உருண்டையையும் அடிக்காதீர்கள், பெரும்பாலானவை காலி. விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வரிவரியான ஓட்டின் ஓரம் ஒரு இடத்திலாவது எட்டிப் பார்த்தால் மட்டும் அடியுங்கள். நடுவில் அடித்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்து உடையும். கெட்டியான கல்மேல் வைத்து, விளிம்பில், படிவுக்கோடு போகும் திசையில் தட்டுங்கள். யோசனையாக இருந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு போய் சென்டரில் காட்டுங்கள்.

குன்றின் உச்சியிலிருந்து விழுந்த மஞ்சள் பழுப்பு நிறச் செர்ட் கற்களை அடிக்கவே கூடாது. கண்ணாடிபோலச் சில்லு தெறிக்கும், உள்ளே நீங்கள் தேடுவதும் இருக்காது. தட்டையான களிப்பாறையைப் பிளந்து பார்ப்பதும் வீண். காகிதம்போல நசுங்கிய அம்மோனைட் தெரியும், காய்ந்ததும் உதிர்ந்துவிடும். படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

லைமுக்கு மேற்கே மன்மத் கடற்கரைக் கல்தளத்தில் பதிந்திருக்கும் பெரிய அம்மோனைட்டுகளிடம் சுத்தியலையே எடுக்காதீர்கள். அவை எல்லாரும் பார்ப்பதற்கு.

9. எடுத்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்

எலும்போ, வழக்கமில்லாத வேறு ஏதோ என்றால் தொடும் முன் படம் எடுங்கள். ஒரு படம் பக்கத்தில் நாணயத்தோடு, ஒரு படம் பின்னணியில் குன்று தெரியும்படி. மறுநாள் வந்தால் அந்த இடம் இருக்காது. டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சீட்டில் தேதி, இடம், எந்தப் பக்கம் என்று பென்சிலால் எழுதிப் போடுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும். எங்கே கிடைத்தது என்று தெரியாத எலும்பைக் கொண்டு ஆய்வாளர்கள் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

பைரைட்டைத் தனி டப்பாவில் டிஷ்யூ சுற்றி வையுங்கள். பெலெம்னைட்டோடு ஒரே பையில் போட்டுக் குலுக்கினால் பெலெம்னைட் முனைகள்தான் உடையும்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வேலை உப்பை எடுப்பது. நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, சில நாள் விடுங்கள். உப்பு உள்ளேயே தங்கினால் காயும்போது படிகமாகி, எலும்பையும் ஓட்டையும் உள்ளிருந்து பிளக்கும். பழைய பல்தேய்ப்பு பிரஷ்ஷால் சேற்றைத் தேய்த்து எடுக்கலாம். வினிகர் வேண்டவே வேண்டாம். கால்சைட்டும் சுண்ணாம்புக்கல்லும் அதில் கரையும், பெலெம்னைட் சொரசொரப்பாகிவிடும்.

பெலெம்னைட்டும் கிரைஃபியாவும் காய்ந்தால் வேலை முடிந்தது. பைரைட்டுக்குத்தான் தொடர்ந்து கவனிப்பு வேண்டும். ஈரக் காற்று பட்டால் பைரைட் மெல்ல மாறி, கந்தக அமிலம் உண்டாகும். வெள்ளை அல்லது மஞ்சள் பொடி பூக்கும், கந்தக நெடி வரும், கீழே வைத்த சீட்டும் அட்டையும் கருகும். சில மாதத்திலும் நடக்கலாம், பல வருடம் கழித்தும் நடக்கலாம்.

முழுதாகக் காயவிடுங்கள், கதகதப்பான இடத்தில், அவசரப்படாமல். காய்ந்த பிறகு கற்களுக்கென விற்கும் மெழுகை மெல்லியதாகப் பூசுங்கள். ஈரம் உள்ளே இருக்கும்போதே பூசினால் அது உள்ளேயே அடைபட்டு இன்னும் கெடும். பிறகு இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அதேதான். டப்பாவுக்குள் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. குளியலறை அலமாரியிலும் சமையலறை ஜன்னலோரத்திலும் வைத்தால் நிச்சயம் கெடும்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஒன்றில் பொடி பூத்திருந்தால் அதை உடனே தனியாக எடுத்து வையுங்கள். மற்றவற்றின் டிஷ்யூவையும் சிலிக்கா ஜெல்லையும் அன்றே மாற்றிவிடுங்கள்.